ஏழாம் லேனில் பத்தாம் கட்டை

அண்ணி என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிட்டார்கள். பௌலிங் கூடத்தைப் பெருக்குகிற அம்மா, காபி போடுகிறவர், விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிற பல் டாக்டர், அவளுக்கு அப்பா வயதிருக்கும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அத்தனை பேருக்கும் அவள் அண்ணி. காரணம் வேறொன்றுமில்லை, ஆட வருகிறவர்களுக்கு வாடகை ஷூ எடுத்துக் கொடுக்கிற கவுண்டரில் உட்கார்ந்திருந்த அவளுடைய நாத்தனாரின் தொண்டைதான். "அண்ணீ!" என்று அந்தப் பெண் ஒரு குரல் கொடுத்தால் அது எல்லா லேனையும் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வரும். கேட்டுக் கேட்டுக் கூடத்துக்கே அதுதான் பெயர் என்று ஆகிவிட்டது. போட்டி நாட்களில் ஒலிபெருக்கியில் அவளுடைய நிஜப்பெயரைச் சொல்லி அழைத்தால், யாரது புதுசா என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் கல்யாணத்துக்கு முன் அவள் பௌலிங் கூடம் எதையும் கண்ணால் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்கு பௌலிங்கில் வேலை என்று யாரோ சொல்ல, அவளுடைய அப்பா அதை கிரிக்கெட் என்றே முடிவுகட்டிவிட்டார். பெண் பார்க்க வந்தவரை உட்காரவைத்து, மரியாதையாகக் கேட்டார்:

"மாப்பிள்ளை வேகமா போடுவீங்களா, சுழல் பந்தா?"

"நான் போடுறதில்லீங்க மாமா. மத்தவங்க போட்டதைத் திருப்பி அனுப்புவேன்."

"அப்ப பேட்டிங்னு சொல்லுங்க!"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. அந்த இருமலைக் கேட்டுத்தான் தனக்கு அவளைப் பிடித்துப்போனது என்று பிற்பாடு மெக்கானிக் சொன்னார். ஆமாம், அவர் பௌலிங் கூடத்து மெக்கானிக். அவளும் வீட்டில் "என்னங்க" என்பாள், வெளியில் "மெக்கானிக்" என்பாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் பூசி வழவழவென்று நீண்டு கிடக்கும் மரப்பாதை ஒவ்வொன்றும் ஒரு லேன். அதன் கோடியில் பத்து வெள்ளைக் கட்டைகள் முக்கோணமாக நிற்கும். கோட்டைத் தாண்டாமல் இந்தப் பக்கம் நின்று கனத்த பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். ஒரே பந்தில் பத்தும் சாய்ந்தால் ஸ்ட்ரைக். மிச்சம் நின்றால் அதைச் சாய்க்க இன்னொரு பந்து. விழுந்ததை வாரிக்கொண்டு, நிற்பதைத் தூக்கிப் பிடித்து, திரும்ப அடுக்கி, பந்தையும் திருப்பி அனுப்புவதற்குக் கட்டைகளுக்குப் பின்னால் ஆளுயர மெஷின்கள் உண்டு. முன்னால் இருப்பவர்களுக்கு அது தெரியாதபடி படம் வரைந்த பலகை ஒன்று மறைத்திருக்கும். அந்தப் பலகைக்குப் பின்னால்தான் மெக்கானிக்கின் ராஜ்ஜியம். கிரீஸ், இரைச்சல், காதில் பஞ்சு.

கல்யாணமான புதிதில் அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு கூடத்துக்கு வருவாள். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. ஒரு நாள் அவர் பலகைக்கு அடியில் தலையை நீட்டி, முகமெல்லாம் மையோடு கேட்டார்:

"ஒரு பந்து போடேன். மெஷின் சரியா எடுக்குதான்னு பார்க்கணும்."

"எனக்கெங்க இதெல்லாம் தெரியும்?"

"உருட்டி விடு, போதும். நான் ஸ்பேனரால தட்டுவேன். சத்தம் கேட்டா போடு."

நாத்தனார் அவளுக்கு ஒரு ஜோடி ஷூவை எடுத்து மாட்டிவிட்டாள். பின்னாலிருந்து "டங்" என்று இரும்பில் ஒரு தட்டு. அவள் இரண்டு கையாலும் பந்தைத் தூக்கிக் குழந்தையை இறக்கிவிடுவதுபோல இறக்கிவிட்டாள். அது ஆடி அசைந்து போய் ஓரக் குழியில் விழுந்தது. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு" என்றார்.

அப்படித் தொடங்கியதுதான். தினம் டப்பா, தினம் பத்துப் பதினைந்து பந்து. வேலை வேலையாக நடந்தது, விளையாட்டு என்று யாரும் நினைக்கவில்லை. "இப்ப நாலாவதுல நடுக்கட்டைய மட்டும் தள்ளு." "இப்ப மூலையில நிக்குதே, அத எடு." எந்தக் கட்டையைத் தூக்கும் பிடி தளர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவளுக்கு அந்தக் கட்டையை மட்டும் தள்ளத் தெரிய வேண்டும். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வருஷக்கணக்கில் கோச் வைத்துக் கற்றுக்கொள்வதை அவள் சோறு ஆறுவதற்குள் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் யாரோ வராமல் போனதால் ஒரு குழுவில் ஆள் குறைந்தது. நாத்தனார் கவுண்டரில் இருந்தபடியே, "எங்க அண்ணிய எடுத்துக்குங்க!" என்று கத்தினாள். அன்று அந்தக் குழு ஜெயித்தது.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க ஆளில்லை. உள்ளூர்ப் போட்டி, வெளியூர்ப் போட்டி, கடல் தாண்டிய போட்டி. கைக்குழந்தையை நாத்தனாரின் மடியில் போட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அத்தை மடி, பரீட்சை என்றால் அத்தை வீடு. நாத்தனாரும் அண்ணியும் என்றால் பாம்பும் கீரியும் என்று நினைப்பவர்கள் இந்த வீட்டுப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். கோப்பைகள் வீட்டு அலமாரியில் நிறைந்து, துணி மடித்து வைக்கிற இடத்துக்கும் வந்துவிட்டன.

ஆனால் ஒரு கோப்பை மட்டும் இல்லை. அவளுடைய சொந்தக் கூடத்தில் வருஷா வருஷம் நடக்கிற சாம்பியன் போட்டியின் கோப்பை. இரண்டு தடவை இறுதிவரை வந்தாள், இரண்டு தடவையும் கைக்கு எட்டியதைக் கோட்டைவிட்டாள். சொந்த இடத்தில் பதற்றம் என்றார்கள் சிலர். பல் டாக்டர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அவளும் பாவம், மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

உண்மை என்னவென்று அவளுக்குத் தெரியும். அது ஏழாம் லேன் மெஷினின் கிறுக்குத்தனம்.

அந்த மெஷின் மற்றதைப்போல இல்லை. கூட்டம் நிறைந்து, ஓடி ஓடிச் சூடேறிவிட்டால், வலது பின் மூலையில் நிற்க வேண்டிய பத்தாம் கட்டையை அரை விரல் தள்ளி வைத்துவிடும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. போடுகிறவர்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்களுக்குத் தெரியும். வலது கை ஆட்டக்காரர்களுக்குப் பத்தாம் கட்டை எப்போதுமே முரண்டு பிடிக்கிற கட்டை. தள்ளியும் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம், ஒன்பது விழும், அது மட்டும் மாமியார்போல நிற்கும். மெக்கானிக் அந்த மெஷினைப் பிரிக்காத நாள் கிடையாது. குளிப்பாட்டித் தலை துவட்டாத குறை. அப்படியும் அதன் குணம் மாறவில்லை.

கட்டை கோணலாக நின்றால் ஆட்டக்காரர் நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கலாம். எல்லாவற்றையும் வாரிவிட்டுத் திரும்ப அடுக்கச் சொல்வார்கள். இது உரிமை, சலுகை இல்லை. வெளியூர்களில் அவள் கையைத் தூக்குவதற்குப் பேர்போனவள். இந்தக் கூடத்தில் மட்டும் ஒரு தடவைகூட அவள் கை உயர்ந்ததில்லை.

ஏன் என்றால், அவள் டப்பா கொண்டு வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் பெரிய மனிதர்கள் சிலர் ஆட வந்தார்கள். அதில் ஒருவர் ஏழாம் லேனில் நின்றுகொண்டு, திரும்ப அடுக்கு, திரும்ப அடுக்கு என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது. மெக்கானிக்கை முன்னால் வரவழைத்து, அத்தனை பேர் எதிரில், "சம்பளம் வாங்கல? சோறு திங்கல? பத்துக் கட்டைய நேரா நிக்க வைக்கத் தெரியாதா உனக்கு?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. கிரீஸ் துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றார். அன்றைக்கு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது. டப்பாவைக் கழுவும்போது அவள் அழுதாள். இனி என் கையால் இந்த மனுஷன் மெஷினைக் குறை சொல்ல மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சொன்னதைக் காப்பாற்றினாள், இரண்டு கோப்பைகளை விட்டுக்கொடுத்து.

இந்த வருஷம் மூன்றாவது தடவையாக இறுதிக்கு வந்திருந்தாள். இதுதான் கடைசியும். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிப் போட்டி என்று போனால் நடக்கவே முடியாமல் போகும் என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு ஆட்டம், அதுவும் ஏழாம் லேனில். ஆயிரம் இடத்தில் ஜெயித்தவளுக்கு இது ஒன்றுதான் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. சோறு ஆறும் நேரத்தில் பந்து பிடிக்கக் கற்ற இடத்தில், ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போக வேண்டும்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக் கொடுக்கப் போனாள். நாத்தனார் ஷூக்களுக்குள் பவுடர் அடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அண்ணி, இப்படிக் கிட்ட வாங்க" என்றாள். கிட்டக் கூப்பிட்டால் ரகசியம் என்று அர்த்தம். அவளுடைய ரகசியம் வாசல்வரை கேட்கும்.

"ஏழாவதுல கட்டை கோணலா நின்னுச்சே, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"அப்படியா நின்னுச்சு?"

"காது குத்தாதீங்க. எனக்கு ரெண்டு காதும் குத்தியாச்சு. வெளியூர் போனா கட்டை மூச்சு விட்டாக்கூடக் கையத் தூக்குறீங்க. போன தடவ அந்த ஊர் மெக்கானிக் உங்க தலையப் பார்த்ததும் லீவு போட்டுட்டுப் போயிட்டாராமே! இங்க மட்டும் கைக்கு என்ன வந்துச்சு?"

அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, வாயைத் திறந்து ஒருவரிடமும் சொல்லாததை, பவுடர் மணத்துக்கு நடுவே சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த நாத்தனாரின் கையில் பவுடர் டப்பா சாய்ந்து, மேஜையெல்லாம் வெள்ளையானது.

"அப்ப அந்த ரெண்டு கோப்பையும்?"

"விடும்மா, போனது போச்சு."

"எங்க அண்ணன் மூஞ்சி வாடிடும்னா விட்டுக்கொடுத்தீங்க? அட ஆண்டவனே! அவன் மூஞ்சி எப்பவும் அப்படித்தான் இருக்கும் அண்ணி, பொறந்ததுலேருந்து பாக்குறேன்!"

"நீ சிரிப்ப. எனக்குத் தெரியும் அன்னைக்கு அவர் நின்ன நிலை. இங்க பாரு, ஒரு பந்து போடேன்னு அவர் கேக்கலேன்னா நான் யாரு? டப்பாவ வச்சுட்டு, காலி டப்பாவ எடுத்துட்டுப் போயிருப்பேன். இத்தனை ஊர், இத்தனை கைத்தட்டல், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில வந்தது. அந்த மனுஷன் மெஷின நானே நாலு பேர் முன்னாடி குறை சொல்லணுமா?"

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "எல்லாருக்கும் சண்டை போட வாகா ஒரு அண்ணி கிடைக்குது. எனக்குன்னு வந்து வாய்ச்சுதே ஒண்ணு! நாளைக்குக் கையத் தூக்குங்க. இல்ல, நான் அண்ணன்கிட்ட சொல்லுவேன்."

"சொன்னின்னா இந்தக் கவுண்டர் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேன். வெறுங்காலோட ஆடுவேன்."

"ஆடுங்க, ஆடுங்க, வழுக்கி விழுவீங்க" என்றாள் நாத்தனார். ஆனாலும் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். இந்தப் பெண்ணின் வாயில் ஒரு விஷயம் தங்கியது அதுதான் முதல் தடவை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. மெக்கானிக் துவைத்த சீருடை போட்டுக்கொண்டு வந்தார். பலகைக்குப் பின்னால் போவதற்கு முன், "போடு, பார்த்துக்கலாம்" என்றார். எந்தப் போட்டிக்கும் அவர் அவளுக்குச் சொல்வது இவ்வளவுதான். அவளுடைய ஆட்டம் ஒன்றையும் அவர் முன்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது, பந்து வந்து சேர்வது மட்டும் தெரியும்.

எதிரில் ஆடியவள் சின்னப் பெண். குதிரைவால் கூந்தல், அதுவே பெயராகவும் ஆகிவிட்டிருந்தது. நல்ல பிள்ளை. ஆட்டத்துக்கு முன் வந்து, "அண்ணி, உங்களப் பார்த்துதான் நான் பந்தே எடுத்தேன்" என்றாள். எடுத்தவள் சும்மா எடுக்கவில்லை, வெளுத்து வாங்கினாள். இருவரும் விட்டுக்கொடுக்காமல் போய், அண்ணியின் கடைசிச் சுற்றுக்கு முன்பே குதிரைவால் தன் ஆட்டத்தை முடித்துவிட்டாள். ஸ்கோர் பலகையில் அவளுடைய எண்ணிக்கை நல்ல உயரத்தில் நின்றது.

அண்ணிக்குக் கடைசிச் சுற்று பாக்கி. கடைசிச் சுற்றில் ஸ்ட்ரைக் விழுந்தால் மேற்கொண்டு பந்து கிடைக்கும். ஜெயிக்க வேண்டுமென்றால் அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரைக், அதன்மேல் மூன்றாவது பந்தில் ஏழெட்டுக் கட்டை. ஒன்று தவறினாலும் போச்சு.

பந்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு நின்றாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. நிமிர்ந்து கட்டைகளைப் பார்த்தாள். பத்தாம் கட்டை அரை விரல் தள்ளி நின்றது.

கையைத் தூக்கினால் போதும். நடுவரம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். முதல் வரிசையில் மேனேஜர், இப்போது தலை நரைத்திருந்தது, நாக்கு நரைக்கவில்லை. அண்ணியின் கண்ணுக்குள் கிரீஸ் துணியை முறுக்கிக்கொண்டு நிற்கிற ஆள் வந்து நின்றார். வேண்டாம் என்று தீர்மானித்தாள். இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாக நின்று, கொஞ்சம் கோணம் மாற்றிப் போட்டால் ஒருவேளை விழலாம். இரண்டு தடவையும் அதைத்தான் செய்தாள், இரண்டு தடவையும் விழவில்லை. அது அவளுக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டே காலை நகர்த்தி வைத்தாள்.

அப்போது ஷூ கவுண்டரில் டெலிபோன் அடித்தது.

அது கூடத்துக்குள்ளேயே பேசுகிற போன். பந்து சிக்கிக்கொண்டால் கவுண்டரிலிருந்து பின்பக்கத்துக்குச் சொல்வதற்காக வைத்தது. இங்கிருந்து அங்கே பேசுவார்கள், அங்கிருந்து இங்கே மணி அடித்ததாக ஞாபகமே இல்லை. நாத்தனார் எடுத்தாள். கேட்டாள். அவள் வாய் பிளந்தது. ரிசீவரைக் கையில் பிடித்தபடியே ஸ்டூல்மேல் ஏறி நின்றாள்.

"நடுவரம்மா! நிறுத்துங்க! ஏழாவதுல பத்தாம் கட்டை சரியா நிக்கலையாம்! திரும்ப அடுக்கணுமாம்!"

கூடம் மொத்தமும் திரும்பியது. நடுவரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யார் கேக்குறது? ஆட்டக்காரங்க கேக்கலையே!"

"மெக்கானிக் கேக்குறாரும்மா! தப்பு தன்னோட மெஷின்லதானாம்! இதோ, அவரே சொல்றாரு லைன்ல!"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள், அது பரவியது. தன் மெஷினைத் தானே காட்டிக்கொடுக்கிற மெக்கானிக்கை யார் எங்கே கண்டார்கள்! மேனேஜர் பாதி எழுந்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றார். குதிரைவால்தான் முதலில் வாயைத் திறந்தாள்: "அடுக்கச் சொல்லுங்க மேடம். கோணலா இருக்குறது இங்கேருந்து எனக்கே தெரியுது." ஓய்வுபெற்ற போலீஸ்காரர் கை தட்டினார். கூடமே தட்டியது.

அண்ணி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாத்தனாரைப் பார்த்தாள். அவள் ஸ்டூலின் மேலிருந்தே, நான் சொல்லலை, சத்தியமா நான் சொல்லலை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அப்படியென்றால் அவருக்கு எப்போது தெரியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட நேரமில்லை. கட்டைகளை வாரிக்கொண்டு மெஷின் மேலே போனது, புதிதாக அடுக்கிவிட்டு எழுந்தது. பத்தும் நேராக நின்றன. பின்னாலிருந்து, பலகையைத் தாண்டி, அவளுக்குப் பழகிய ஓசை கேட்டது.

டங்.

கால் வலி, கூட்டம், கோப்பை எல்லாம் எங்கோ போயின. அவள் சோறு ஆறுவதற்குள் ஒரு பந்து போட வந்த புதுப்பெண்ணாகிவிட்டாள். போட்டாள். பத்தும் சாய்ந்தன. இரைச்சலில் பலகையே அதிர்ந்தது.

அடுத்த பந்து. மெஷின் இறங்கி அடுக்கிவிட்டு மேலே ஏறியது. அண்ணி பார்த்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுபடியும் அந்தக் கட்டை தள்ளி நின்றது. கழுதை மெஷின், நேரம் காலம் தெரிந்தால்தானே!

அவள் கவுண்டரைப் பார்த்தாள். போன் அடிக்கவில்லை. நாத்தனார் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள். பின்பக்கம் சத்தமில்லை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று அண்ணிக்குப் புரிந்தது. தன் பங்குக்கு உலகத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார், இனி அவள் பங்கு.

அண்ணி கையைத் தூக்கினாள்.

வெளியூர்களில் கொடி ஏற்றுவதுபோல விறைப்பாக உயர்கிற கை, இங்கே மெல்ல மெல்ல உயர்ந்தது. "நடுவரம்மா, பத்தாம் கட்டை. திரும்ப அடுக்கணும்" என்றாள். சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவமானப்படுத்துகிறோம் என்று இத்தனை வருஷம் பயந்தாளே, அது சாதாரண ஒரு வாக்கியமாகத்தான் இருந்தது. பின்னால் மெஷின் உடனே இயங்கியது, பொத்தானில் விரலை வைத்துக்கொண்டே நின்றிருந்தார் போலிருக்கிறது. டங். இந்தத் தட்டில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

இரண்டாவது ஸ்ட்ரைக்கும் விழுந்தது.

மூன்றாவது பந்துக்குக் கட்டைகள் சரியாகவே நின்றன. போட்டாள். ஒன்பது விழுந்தன. பத்தாம் கட்டை மட்டும் விழாமல், நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்றது. ஜெயிக்க அதுவே தாராளம். கூடம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்த, அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "அது ஒழுங்காத்தான் நின்னுச்சு. நான்தான் ஒழுங்கா போடலை" என்று குதிரைவாலிடம் சொன்னாள். குதிரைவால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், தோற்றதற்கா வேறெதற்கா என்று அவளுக்கே தெரியாது.

மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். ஊர் ஊராகப் பேசியவள் இங்கே சுருக்கமாக முடித்துக்கொண்டாள். "என் பிள்ளைய வளர்த்தது என் நாத்தனார். என் ஆட்டத்த வளர்த்தது பின்னாடி இருக்குறவர். நான் பந்த மட்டும்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிப் பக்கத்துக் கதவைத் திறந்து பின்பக்கம் போனாள்.

மெக்கானிக் ஏழாம் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். துவைத்த சீருடையில் ஒரு கை மை. அவளைக் கண்டதும் எழுந்து மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. அவர் காதிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எப்பவுமே தெரியும். பின்னாடி நிக்குறவனுக்குத் தெரியாதா கட்டை எங்க நிக்குதுன்னு? ரெண்டு தடவையும் பொத்தான்ல கைய வச்சுக்கிட்டு நின்னேன், நீ கேப்ப கேப்பன்னு. நீ கேக்கலை. எதுக்குக் கேக்கலைன்னும் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை. "வெட்கமா இருந்துச்சு. என்னால உனக்குப் போச்சேன்னு வாய் வரலை." துணியை மெஷின்மேல் போட்டார். "பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சு. எனக்காக ஒருத்தி இவ்வளவு பெருசா விட்டுக்கொடுத்திருக்கான்னு. அந்தச் சந்தோஷத்த ரெண்டு வருஷம் வச்சுக்கிட்டேன். இன்னைக்குப் பலகைக்கு அடியில குனிஞ்சு பார்த்தேன், நீ கால நகர்த்தி வச்ச பாரு, மறுபடியும் அதையே செய்யப் போறன்னு தெரிஞ்சுபோச்சு. போதும்டா சாமின்னு போன எடுத்துட்டேன். மேனேஜர் என்ன சொன்னாரு?"

"எந்திரிக்கவும் இல்ல, உக்காரவும் இல்ல."

அவர் சிரித்தார். அவள் கோப்பையை அவர் கையில் வைத்தாள். நன்றி என்று சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை, சொன்னால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். ஆனாலும் அன்று சொன்னாள். "உங்களுக்கு நன்றிங்க. அன்னைக்கு ஒரு பந்து போடேன்னு கேட்டீங்களே, அதுக்கு."

மெக்கானிக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், அதற்குள் ஸ்பேனரைப் போட்டு வைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தப் பத்தாம் பிடிய இப்பத்தான் முடுக்கினேன். கூட்டம் போனதும், கால் வலிக்கலேன்னா, ஒரு பந்து போடேன். சரியா எடுக்குதான்னு பார்க்கணும்."

கூட்டம் கலைந்தபின் அண்ணி ஏழாம் லேனுக்கு வந்தாள். ஓடி வந்து போட இனி முடியாது, கோட்டருகே நின்றபடி உருட்டினால் போதும். நாத்தனார் ஷூவைக் கொண்டுவந்து காலடியில் உட்கார்ந்து மாட்டிவிட்டாள், அந்த முதல் பந்துக்கு மாட்டிவிட்டதுபோலவே. கோடியில் பத்துக் கட்டைகளும் அணிவகுப்புப்போல நேராக நின்றன. பின்னாலிருந்து டங் என்று கேட்டது.

அண்ணி பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

நாத்தனார் விழித்தாள். "எல்லாம் சரியாத்தானே அண்ணி நிக்குது?"

"தெரியும்" என்றாள் அண்ணி. "அவர்கிட்ட சொல்லு, திரும்ப அடுக்கச் சொல்லி."

நாத்தனார் சொல்லவில்லை, கத்தினாள். பலகைக்குப் பின்னாலிருந்து பெரிதாக ஒரு சிரிப்பு வந்தது. பொத்தான் அழுந்தி, மெஷின் இறங்கி, நன்றாக நின்ற பத்துக் கட்டைகளையும் வாரிக்கொண்டு போய், அண்ணி கேட்டாள் என்பதற்காக, இன்னொரு தடவை அடுக்கியது.